பிளாஸ்திரியும் நொச்சித் தண்ணீரும்

என் அண்ணன் முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவாரம், திருக்கோகர்ணம் நிறுத்தத்தில் காலை ஆறே முக்கால் பஸ்ஸில் பயணியாக ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்து கீரனூர் போய் வந்தார். அங்கே அவருக்கு வேலை ஒன்றும் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீ குடிப்பார். திரும்பும் வண்டியில் ஏறி ஒன்பதரைக்குள் வீட்டில் இருப்பார். வந்ததும் அன்றைய ஓட்டுநரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வார். "இன்னைக்கு ஓட்டுனவன் கிளட்ச்ச மிதிக்கிறானா, கரப்பான்பூச்சிய மிதிக்கிறானான்னு தெரியல." அப்புறம்தான் இட்லி.

இப்படிப் பதினைந்து வருஷம், ஞாயிறு நீங்கலாக.

நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணி போன பிறகு அண்ணனும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். பத்தொன்பது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். மனதில் பட்டதை எழுதும் நாட்குறிப்பு அல்ல அது. எத்தனை மணிக்கு மழை, எப்போது கரண்ட் போனது, எந்தத் தேதியில் வாசல் வேம்பு பூத்தது, படிக்கிற புத்தகம் எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறது, இவைதான் இருக்கும். அதில் தினமும் "அண்ணன் கீரனூர் போய் வந்தார்" என்று எழுதி அலுத்து, "கீ." என்று சுருக்கிவிட்டேன். போகாத நாளுக்கு ஒரு கோடு.

அந்த வருஷம் ஜனவரியில் கோடுகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வந்தன. பிப்ரவரிப் பக்கங்களில் "கீ." நான்கே இடத்தில் இருக்கிறது. மார்ச்சில் ஒன்றுகூட இல்லை. இடுப்பில் வலி என்றார். பிறகு தொடையில் என்றார். கடைசியில் எங்கே என்று சொல்வதை நிறுத்திவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றே சாப்பிட ஆரம்பித்தார். புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய் இடுப்பெலும்புக்கு வந்திருப்பதாகப் படம் எடுத்துச் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியில் நோயை நிறுத்தி வைக்கலாம், சில வருஷங்கள்கூடத் தள்ளலாம் என்றார் டாக்டர். அண்ணன் கேட்ட கேள்வி வேறு.

"எத்தனை வருஷம்னு நான் கேக்கல, டாக்டர். முக்கா மணி நேரம் பஸ்ல உக்கார முடியுமா? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டர் எங்களை அதே ஆஸ்பத்திரியின் வலிப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஓர் இளம் டாக்டரும், நாற்பதைத் தாண்டிய ஒரு சிஸ்டரும் இருந்தார்கள். சிஸ்டர் உரக்கப் பேசுவார், உரக்கச் சிரிப்பார். மார்ஃபின் மாத்திரை என்று அவர் சொன்னதுமே அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். உட்கார்ந்திருந்ததும் வலிதான் என்பது வேறு விஷயம்.

"போதை மருந்தா? முப்பத்தொரு வருஷம் எப்ப வாய ஊதச் சொன்னாலும் தைரியமா ஊதினவம்மா நான். ரிட்டயர்டு ஆகி இப்ப ஊதச் சொன்னா மாட்டிக்குவேன் போலருக்கே."

"ஒங்கள யாருப்பா இப்ப ஊதச் சொல்றது?" என்றார் சிஸ்டர். "வலியில்லாதவன் போதைக்குத் திங்கிறது வேற, வலிக்குக் கணக்கா எடுத்துக்கிறது வேற. அக்கா கையில ஒரு நோட்டு குடுக்கிறேன். அவங்க எழுதாம ஒரு மாத்திரை ஒங்க வாய்க்குள்ள போவாது, சரியா?"

எனக்குக் கொடுக்கப்பட்ட நோட்டில் நான்கு கட்டங்கள்: மணி, மாத்திரை, வலி பத்துக்கு எத்தனை, தூக்கம். என்னைப் போன்றவளிடம் இப்படி ஒரு நோட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சிஸ்டருக்குத் தெரியாது. மறுவாரம் போனபோது ஐந்தாவதாக மலம், ஆறாவதாகக் குடித்த தண்ணீர், ஏழாவதாக வெயில் என்று மூன்று கட்டங்களை நானே கோடு போட்டுச் சேர்த்திருந்தேன். இளம் டாக்டர் ஏழாவது கட்டத்தை இரண்டு முறை படித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் அறியாத பலவற்றை அந்த முதல் வாரத்தில் அறிந்தேன். வயதானவர்களுக்கு இந்த மருந்தைச் சிறிய அளவில் ஆரம்பித்து மெல்லத்தான் ஏற்ற வேண்டும், ஏனென்றால் சிறுநீரகம் முன்போல் வேகமாக வெளியேற்றாது. தினமும் சாயங்காலம் மலமிளக்கி மருந்து கட்டாயம். படுத்திருப்பவர் எழும்போது கட்டிலோரம் சற்று உட்கார்ந்துதான் எழ வேண்டும், இல்லையென்றால் தலை சுற்றி விழுவார். அண்ணன் பல வருஷமாக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பாதி பாதியாகப் போட்டுக்கொண்டிருந்த தூக்க மாத்திரையைச் சிஸ்டர் கேட்டு வாங்கித் தன் மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டார். "இதுவும் அதுவும் சேந்தா மூச்சு மறந்துபோகும்" என்றார். அந்தச் சொற்களை அப்படியே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

மாத்திரை வேலை செய்தது. வலி எட்டிலிருந்து நான்குக்கு வந்தது. ஆனால் ஜூன் கடைசியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சோர்ந்திருப்பது தெரிந்ததால், டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு அதற்கு ஈடான பிளாஸ்திரிக்கு மாற்றினார். ஃபென்டனில் என்று பெயர். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது, கண்ணாடி போல இருக்கும். தோளுக்குக் கீழே முதுகில் ஒட்டிவிட்டால் மூன்று நாளைக்குத் தோல் வழியாக மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முதல் பிளாஸ்திரி ஜூலை 8, திங்கள் காலை. பிறகு 11, 14, 17 என்று மூன்று நாளுக்கு ஒருமுறை. பழையதை உரித்து, ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து ஒரு டப்பாவில் போட்டு, அடுத்த முறை ஆஸ்பத்திரியில் எண்ணிக் கொடுக்க வேண்டும். தேதி போட்ட சின்ன நாடா ஒன்றை பிளாஸ்திரியின் ஓரத்தில் ஒட்டுவது என் சொந்த ஏற்பாடு. முதுகில் தேதியோடு அலைகிற மனுஷன் ஊரிலேயே தான் ஒருத்தன்தான் என்று அண்ணன் சொல்லிக்கொள்வார்.

பெட்டிக்குள் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பொடி எழுத்தில் இரண்டு பக்கமும் ஆங்கிலம். மருந்துத் தாளை யாரும் படிப்பதில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முறை படித்தேன். பென்சிலால் எங்களுக்கு வேண்டியதற்கு டிக் போட்டேன், வேண்டாததை அடித்தேன். தாளை நோட்டின் பின்னட்டையில் சொருகி வைத்தேன். அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டம்மா இதைக் கேள்விப்பட்டு வந்தார். முட்டி வலிக்காரர்.

"ஏங்க டீச்சர், அதுல ஓரத்துல கொஞ்சம் வெட்டிக் குடுத்தா என்னவாம்? முட்டியில ஒட்டிக்கிறேன். அவருக்கு என்ன கொறஞ்சா போவுது?"

"வெட்டினா மூணு நாள் மருந்து மொத்தமா எறங்கிருங்க. ஒங்களுக்குப் பழக்கமில்ல. ஆபத்து."

"என் முட்டி பாக்காத ஆபத்தா?"

உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்: "குடுத்துரு ஆத்தா. நாளைக்கு அவுக வீட்ல சாப்பாடு போடுவாக. பதினாறாம் நாளும் போடுவாக."

பக்கத்து வீட்டம்மா சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அன்றிலிருந்து பிளாஸ்திரிப் பெட்டியை என் புத்தக அலமாரியில் பூட்டி வைத்தேன்.

ஜூலை 15, திங்கள். நாட்குறிப்பில் பச்சை மையில் "கீ." என்று இருக்கிறது. அண்ணன் காலை ஆறே முக்காலுக்கு ஏறி ஒன்பது இருபதுக்கு வந்து இறங்கினார். நான் தெருமுனையில் நின்றேன். இறங்கியவர் என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "புது டிரைவரு. பரவால்ல, கையில பதமிருக்கு." அவர் ஒரு ஓட்டுநரைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வலி எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "கேக்க மறந்துட்டேன்" என்றார்.

உட்கார முடிந்தது என்றதும் அவருக்கு அடுத்த ஆசை வந்தது, எண்ணெய்க் குளியல். சனிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தவர், மணையில் குந்த முடியாமல் ஐந்து மாதமாக ஈரத்துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். "இம்புட்டு மருந்தும் உள்ள போயி ஒடம்பெல்லாம் உஷ்ணம். ஒரு தண்ணி ஊத்தினா குளுந்துரும்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது உடம்புக்குக் குளிர்ச்சி என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஜூலை 20, சனி. அன்று பிளாஸ்திரி மாற்றும் நாள். எண்ணெய் பட்ட தோலில் புதியது ஒட்டாது என்பதால் குளிக்குமுன்பே மாற்றிவிட்டேன். பால் பாக்கெட் ஒன்றை வெட்டிக் கழுவித் துடைத்து, பிளாஸ்திரிக்கு மேல் வைத்து நாலு பக்கமும் நாடா ஒட்டினேன். எண்ணெய் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாது. நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைக் கை பொறுக்கும் சூட்டுக்கு விளாவி, தலையிலும் முதுகிலும் ஊற்றினேன். கடைசியில் ஒரு பழைய துண்டை அந்தத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தோளிலிருந்து இடுப்பு வரை போர்த்தி ஒத்தடம் கொடுத்தேன். ஆறினால் மறுபடி நனைத்து, இப்படி அரை மணி நேரம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "இதுக்குத்தான் ஆத்தா இத்தன நாளு உசுரு கெடந்துச்சு" என்றார். பால் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். பிளாஸ்திரி ஓரம்கூடக் கிளம்பவில்லை. எனக்கு என் கைவேலை மீது பெருமையாக இருந்தது.

மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் ஐந்து மணிக்குத்தான் எழுந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று தூக்கம் சொக்கும், அதனால்தான் அன்று பகலில் படுக்கக் கூடாது என்பார்கள். இதைத் தெரியாதவர் யார்? "மதியம் அதிகத் தூக்கம்" என்று மட்டும் நோட்டில் எழுதினேன். குளியலை எழுதவில்லை. ஏழு கட்டங்களில் குளியலுக்குக் கட்டம் இல்லை.

27, சனி. அதே நொச்சி, அதே பால் பாக்கெட். அன்று அவர் தூக்கத்திலிருந்து முழுதாகத் தெளிய ராத்திரிச் சாப்பாட்டு நேரம் ஆனது. தோசையைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டே கண் மூடினார். "நல்ல எண்ணெய். எங்க வாங்கினே?" என்று கேட்டார். நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 3, சனி, அன்றைக்கு ஆடிப் பதினெட்டு. நல்ல நாளும் சனிக்கிழமையும் ஒன்றாய் வந்ததால் குளியல் விஸ்தாரமாக நடந்தது. ஒத்தடம் மட்டும் ஒரு மணி நேரம் இருக்கும். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம். அண்ணன் ஒன்றையும் விடவில்லை. ஒன்றரைக்குப் படுத்தார். பக்கத்து வீட்டம்மா தன் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெயும் தயிர்ச் சோறும் சேந்தா யானையும் தூங்கும்" என்று சொல்லிப் போனார்.

நான் முன்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றே கால் இருக்கும், குறட்டை நின்றிருப்பதைக் கவனித்தேன். ஒரு பக்கம் புரட்டினேன். மறுபடி ஒரு குறட்டை, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு ஒன்று. எழுந்து போய் அவர் மார்பைப் பார்த்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பிடித்து எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு ஏழு மூச்சு. தவறாக எண்ணிவிட்டேன் என்று இன்னொரு நிமிஷம் எண்ணினேன். ஏழு.

"அண்ணே!" என்று உலுக்கினேன். கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிவிட்டார். நாக்கு குழறியது. உடனே சிஸ்டருக்கு போன் செய்தேன்.

"கண்ணப் பாருங்கக்கா. பாப்பா எம்புட்டு இருக்கு?"

"கடுகு மாதிரி."

அவர் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "மொதல்ல பேட்ச்ச எடுத்துருங்க. பச்சத் தண்ணியில தொடைங்க, சோப்புப் போடாதீங்க. ஆம்புலன்ஸ நான் சொல்லி அனுப்புறேன். வர்ற வரைக்கும் தூங்க விடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சுப் பேசிக்கிட்டே இருங்க. பேசுறது மட்டும் போதாது, அவரப் பேச வைங்க."

பிளாஸ்திரியை உரித்தேன். துடைத்தேன். எதைப் பேச வைப்பது? நான் சொன்ன எதற்கும் "ம்" என்ற பாதி சத்தம்தான் வந்தது. வலிக்கிறதா என்றேன், "ம்". தண்ணீர் வேண்டுமா என்றேன், அதுவும் இல்லை. பிறகு ஏதோ தோன்றி, அவர் காதருகே போய், அவர் பஸ் ஓட்டிய திருச்சி வழியின் நிறுத்தங்களைச் சொல்ல ஆரம்பித்தேன். "திருக்கோகர்ணம் வுட்டா, நார்த்தாமலை. நார்த்தாமலை வுட்டா கீரனூர்."

ஒன்றும் இல்லை. மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை உதடு அசைந்தது.

"...வெள்ளனூரு."

"என்னண்ணே?"

"வெள்ளனூர வுட்டுட்டே." கண் திறக்கவில்லை, ஆனால் புருவம் சுருங்கியது. "ஆளு எறங்கணும்ல."

"சரி, வெள்ளனூரு. நார்த்தாமலை, கீரனூர், மாத்தூர், திருச்சி."

"களமாவூரு யாரு... ஒங்கப்பன் வந்து நிறுத்துவானா?"

எங்கள் இருவருக்கும் அப்பா ஒருவர்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை இருபத்திரண்டு நிமிஷம் அந்த வழித்தடத்தில் போய் வந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு ஊரை வேண்டுமென்றே விட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் அதைத் திட்டி நிறுத்தினார். திட்டினால் மூச்சு விட வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அந்த மருந்தை முறிக்கும் மாற்று ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்கள். உரித்த பிறகும் தோலுக்கடியில் தேங்கிய மருந்து பல மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்குமாம். அதனால் மறுநாள் மாலை வரை கண்காணிப்பில் வைத்தார்கள். அண்ணன் தெளிந்தார். தெளிந்ததும் கூடவே வலியும் வந்தது. திங்கள்கிழமை காலை வலிப் பிரிவில் சக்கர நாற்காலியில் உட்கார முடியாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து, துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நேரடியாகச் சொன்னார். "வயசு எழுபத்து மூணு, கிட்னி வீக். நாம குடுக்கிற அளவு ஒடம்புக்குத் தாங்கலன்னுதான் தெரியுது. பேட்ச்ச நிறுத்திரலாம். சாதாரண மாத்திரைக்குப் போவோம். வலி கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். பஸ்ல எல்லாம் இனிமே வேணாம், சார்."

அண்ணன் துண்டை வாயிலிருந்து எடுத்து மடித்து மடியில் வைத்தார். அவ்வளவுதான்.

நான் நோட்டைப் பிரித்தேன். அவருக்காக வாதாடத் தெரியாதவள் வேறு என்ன செய்வது? தூக்கம் அதிகமான நாட்களை எண்ணினேன்: 20, 27, 3. "அளவு தாங்கலன்னா எல்லா நாளும் தூங்கணும்ல, டாக்டர்? மூணு நாள்தான் தூங்கியிருக்காரு."

"பேட்ச் மாத்தின நாளா இருக்கும். புதுசுல வேகம் இருக்கலாம்."

"இருபதாம் தேதி மாத்தின நாள். ஆனா இருபத்தேழு ரெண்டாம் நாள். மூணாந்தேதி மூணாம் நாள்." சொல்லும்போதே என் பென்சில் நின்றது. பிளாஸ்திரி மூன்று நாள் கணக்கில் போகிறது. தூக்கம் ஏழு நாள் கணக்கில் வந்திருக்கிறது.

சிஸ்டர் என் தோளுக்கு மேலாக நோட்டை எட்டிப் பார்த்தார். "மூணும் சனிக்கிழமை. சனிக்கிழமை வீட்டுல என்னக்கா விசேஷம்?"

"எண்ணெய் தேச்சுக் குளிப்பேன்" என்றார் அண்ணன், தரையைப் பார்த்தபடி. "அதயும் நிறுத்தணுமா?"

"எந்தத் தண்ணியில?"

நான்தான் சொன்னேன். நொச்சி, விளாவல், துண்டு ஒத்தடம், ஒரு மணி நேரம். பால் பாக்கெட்டையும் சொன்னேன், எண்ணெய் படாமல் எப்படிக் காப்பாற்றினேன் என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிஸ்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் மெதுவாகக் கேட்டார்: "பெட்டிக்குள்ள ஒரு பேப்பர் இருந்திருக்குமேம்மா. படிச்சீங்களா?"

பின்னட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிளாஸ்திரி இருக்கும் இடத்தில் சூடு பட்டால் மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கும், உயிருக்கு ஆபத்து என்று ஒரு பத்தி. அதன் கீழே எவற்றையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று ஒரு வரி: மின்சாரப் போர்வை, சூடேற்றிய தண்ணீர்ப் படுக்கை, நீராவிக் குளியலறை, வெந்நீர்த் தொட்டி. ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தேன். ஓரத்தில் என் அழகான கையெழுத்தில் பென்சிலால் "குளிர் நாட்டுக்கு. நமக்குப் பொருந்தாது" என்று இருந்தது. பக்கத்தில் தேதியும் போட்டிருந்தேன்.

டாக்டர் அதை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் மூக்குக்கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் படித்தார். நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவர் தோள் குலுங்கியது. வலியில் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்து நாலு வருஷம் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தவ, டாக்டர். ஒரு கேள்விய விட்டா அரை மார்க்குக் குறைப்பா."

"அதெல்லாம் அப்புறம் சிரிக்கலாம்ப்பா" என்று சிஸ்டர் அதட்டினார். பிறகு அவரும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த ஏழு மூச்சு கையிலேயே இருந்தது.

டாக்டர் பிளாஸ்திரியைக் கைவிடவில்லை. அதைவிடக் குறைந்த அளவில் ஒன்றை, மறுநாளிலிருந்து, மூன்று நாளுக்கு ஒருமுறை போனில் கேட்டு நடத்துவது என்று முடிவாயிற்று. காய்ச்சல் வந்தாலும் உடனே சொல்ல வேண்டும், காய்ச்சலும் உள்ளிருந்து வரும் சூடுதான். குளியல் உண்டு, ஆனால் வெதுவெதுப்பைத் தாண்டாத தண்ணீர், ஒத்தடம் கிடையாது, மேலே எதையும் வைத்து மூடக் கூடாது. இரண்டு சனிக்கிழமை தூக்கமில்லாமல் கழிந்தால் பஸ்ஸைப் பற்றிப் பேசலாம். சிஸ்டர் அந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கி நகல் எடுத்துக்கொண்டார். "எண்ணெய்க் குளியல்னு தமிழ்ல எழுதி இனிமே எல்லாருக்கும் குடுக்கப் போறேன். ஒங்க பேரப் போட மாட்டேன்" என்றார்.

நோட்டில் எட்டாவது கட்டம் போட்டேன்: குளியல்.

ஆகஸ்ட் 10, சனி. வெதுவெதுப்பு என்பதற்கு அளவு தெரியாமல், காய்ச்சல் பார்க்கும் கருவியை வாளியில் விடப் போனேன். அண்ணன் வாளியை இழுத்துக்கொண்டார். "இதுல எனக்குக் குளியலா, இல்ல தண்ணிக்குக் காய்ச்சலா?" குளித்து முடித்து, தவளைகூட இதில் நடுங்கும் என்று அலுத்துக்கொண்டார். மதியம் வழக்கமான முக்கால் மணி நேரம் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். பதினைந்து, பதினாறு, பதினைந்து. ஆகஸ்ட் 17, சனி. பதினான்கு. வலி மூன்று. பழைய பிளாஸ்திரியில் இருந்த இரண்டைவிட ஒன்று கூடுதல்தான், ஆனால் உட்கார முடிகிற மூன்று.

போனில் டாக்டர், "போகட்டும், மொதல் தடவ கூட யாராவது போங்க" என்றார்.

ஆகஸ்ட் 19, திங்கள், காலை ஆறே முக்கால். அண்ணன் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தார், ஜன்னலோரம் நான். பதினைந்து வருஷமாக அவர் பார்த்த வழியை நான் அப்போதுதான் பார்க்கிறேன். வெள்ளனூரில் ஆறு பேர் ஏறினார்கள். நார்த்தாமலைப் பாறைகள் மீது வெயில் வந்திருந்தது. அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டு வந்தார், இல்லாத பிரேக்கை. கீரனூரில் டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் சர்க்கரை குறைத்த ஒரு டீயை நீட்டிவிட்டு, "எங்க சார் ஆளையே காணோம்?" என்றார்.

"ரூட்டு மாத்திட்டாங்க" என்றார் அண்ணன்.

திரும்பும் பஸ்ஸில் காற்று நன்றாக இருந்தது. இரண்டு வாரமாக அவர் மூச்சை எண்ணியே என் தூக்கம் கெட்டிருந்தது. கீரனூர் தாண்டியது தெரியும், அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. யாரோ முழங்கையால் இடித்தபோது பஸ் திருக்கோகர்ணத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிமிஷத்துக்குப் பதினாலு" என்றார். "ஒனக்கு ஒண்ணுமில்ல. எறங்கு."

அன்றைய பக்கத்தில் பச்சை மையில் எழுதியிருப்பது: "கீ. இருவரும். அண்ணன் வலி மூன்று, தூக்கம் இல்லை. திரும்பும்போது நான் வெள்ளனூரைப் பார்க்கவில்லை."